ஷைத்தானும் என் மூன்றாவது தலாக்கும்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, மேலப்பாளையத்தில், என்னிடம் ஒரே ஒரு தலாக் மிச்சம் இருந்தது. மார்க்கம் ஒரு புருஷனுக்குக் கொடுத்திருப்பது மூன்று. முதல் இரண்டைச் சொன்னவன் மூன்று மாதத் தவணைக்குள் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மூன்றாவதும் வாயிலிருந்து விழுந்துவிட்டால் அவள் அந்நியப் பெண். பிறகு அழுது புரண்டாலும் அவளை முகத்துக்கு முகம் பார்க்க முடியாது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் நான் இரண்டைச் சொல்லி முடித்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஆயுசு நிறைய மிச்சம் இருந்தது, சொல் ஒன்றுதான் இருந்தது.

முதலாவதை ஓர் ஆட்டின் பொருட்டுச் சொன்னேன். நாங்கள் நெசவுக்காரர்கள். பாவு நூலுக்குப் போடுவதற்காகக் காய்ச்சி ஆற வைத்திருந்த கஞ்சியை வீட்டு ஆடு பாதிப் பானை குடித்துவிட்டது. பின்கதவைச் சாத்தாமல் விட்டது யார் என்று கத்தினேன். "நீங்கதான்" என்றாள் என் மனைவி. நான்தான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இரண்டாவதைப் பேட்டையில், மாமனார் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன். தன் தங்கையின் நிச்சயத்துக்குப் போனவள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டாள். அழைத்துவரப் போனேன். "இடியாப்பம் அவிச்சிருக்கு, சாப்பிட்டுட்டுக் கெளம்புவோம்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்கு நான் சொன்ன பதிலை உள்ளே இருந்த சம்பந்தி வீட்டார் எல்லோரும் கேட்டார்கள்.

இரண்டு தடவையும் மூன்று நாள் தாங்கவில்லை. அழுதுகொண்டு போய்த் திரும்ப அழைத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் ஊரில் ஒன்றையே சொன்னேன்: "சைத்தான் சொல்ல வச்சுட்டான்." அதில் எனக்கு ஆறுதல் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கோபக்காரன் என்ற பெயரைவிட, ஷைத்தான் குறிவைத்திருக்கிற ஆள் என்ற பெயர் கேட்பதற்கு நன்றாக இருக்கும். தொழாதவனையும் குடிப்பவனையும் விட்டுவிட்டு அவன் என்னைத் தேடி வருகிறான் என்றால் என்னிடம் ஏதோ இருக்கத்தானே வேண்டும்.

எங்கள் பள்ளிவாசலில் அப்போது இருந்த ஆலிம்சா என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார். தாடி இன்னும் கன்னத்தில் அடரவில்லை. இரண்டாவது தடவை மனைவியை மீட்டுக்கொண்ட மறுநாள், மாலை அஸர் தொழுகை முடிந்து, அவர் என்னைத் தனியாக உட்கார வைத்தார்.

"காக்கா, சைத்தானுக்கெல்லாம் தலைவன் இபுலீசு தண்ணி மேல சிம்மாசனம் போட்டு உக்காந்திருப்பான். தன் படைய நாலா பக்கமும் அனுப்புவான். ஒருத்தன் வந்து, 'இன்ன பாவத்தச் செய்ய வச்சேன்'ம்பான். 'நீ ஒண்ணுமே செய்யல, போ'ன்னு வெரட்டிருவான். இன்னொருத்தன் வருவான். 'புருசனயும் பொஞ்சாதியயும் பிரிச்சிட்டு வாறேன்'ம்பான். அவனத்தான் பக்கத்துல கூப்பிட்டு, 'நீதாம்லே ஆளு'ன்னு சேத்துப் பிடிச்சிக்கிடுவான். ஒங்களுக்கு இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அவனச் சந்தோசப்படுத்திராதிய."

கேட்டுப் பயந்துவிட்டேன். ஆனால் என் அறிவு அவ்வளவுதான். தண்ணீர் என்றதும் நான் நினைத்தது தாமிரபரணியை. ஆனி மாதம், மலையில் சாரல் பிடித்து ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவன் சிம்மாசனம் போட வசதியான தண்ணீர்தான். எட்டு நாள் படித்துறைப் பக்கமே போகவில்லை. வீட்டுக் கிணற்றில் குளித்தேன். தண்ணீர் இறைத்தவள் என் மனைவி.

"ஆறு நெறஞ்சு போகுது. எதுக்கு இந்தக் கெணத்தப் போட்டு எறைக்கச் சொல்லுதிய?" என்று கேட்டாள்.

"ஒனக்குத் தெரியாது."

"தெரிஞ்சவுக சொன்னா நானும் தெரிஞ்சிக்கிடுவேன்."

சொன்னேன். அவள் இன்னொரு வாளி இறைத்து என் தலையில் ஊற்றிவிட்டு, "உங்களுக்காவ இபுலீசு மேலப்பாளயம் வரைக்கும் வந்து உக்காந்திருக்கான். இவ்வளவு பெரிய ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கேன்னு எனக்கு இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே" என்றாள்.

அதற்குப் பிறகு ஷைத்தான் நுழைகிற வழிகளை ஒவ்வொன்றாக விசாரித்து அடைக்க ஆரம்பித்தேன். கொட்டாவி விடும்போது வாயைப் பொத்தாவிட்டால் உள்ளே போவான் என்றார்கள். கொட்டாவி வருகிற மாதிரி இருந்தாலே பொத்திக்கொண்டேன். தூங்கும்போது மூக்குக்குள் தங்குவான் என்றார்கள். விடியல் தொழுகையான சுபுஹுக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போது மூன்று தடவை மூக்கைச் சிந்த வேண்டும். நான் ஏழு தடவை சிந்தினேன். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் வைத்த சோற்றில் அவனும் கைவைப்பான் என்பதால், அவள் சொன்னாளா இல்லையா என்ற சந்தேகத்தில் அவள் தட்டுக்கும் சேர்த்து நானே சத்தமாகச் சொன்னேன். பாங்குச் சத்தம் காதில் விழுந்தால் அவன் கெட்ட காற்றை விட்டுக்கொண்டு ஓட்டமெடுப்பான் என்று கேட்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கோபம் தலைக்கு ஏறும்போதெல்லாம், மோதினார் இப்போது பாங்கு சொல்லமாட்டாரா என்று பள்ளிவாசல் பக்கம் காதைக் கொடுத்தேன். பாங்கு முடிந்ததும் அவன் திரும்பி வந்துவிடுவான் என்பதை ஆலிம்சா மறு வாரம்தான் சொன்னார்.

இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நபி நாயகம் அவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. மூக்கையும் வாயையும் சோற்றையும் காவல் காத்த எனக்கு நாக்கு ஞாபகத்துக்கு வரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பாபநாசம் போகிற சாலையில் ஒரு பெரியவர் பீங்கான் எழுதிக் கொடுப்பதில் பேர் பெற்றவர். குங்குமப்பூ மையால் வெள்ளைப் பீங்கான் தட்டில் குர்ஆன் ஆயத்துகளை எழுதித் தருவார். தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குடிக்க வேண்டும். மாட்டு வண்டியில் ஒரு நாள் பிரயாணம் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். தலாக்கு விஷயத்தையும் ஷைத்தான் விஷயத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிக்கப் போறது யாரு?" என்றார்.

"எம் பொஞ்சாதி" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவள் பேச்சால்தானே எனக்குக் கோபம் வருகிறது, ஷைத்தான் அவள் வாய் வழியாகத்தானே என்னைச் சீண்டுகிறான் என்பது என் கணக்கு. பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏழு பீங்கான் எழுதி, வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். கூடவே இரண்டு தாயத்தும் தந்தார். ஒன்றைத் தறிக்குழிக்கு மேலே தொங்கவிட்டேன். இன்னொன்றை, முதல் தலாக்குக்குக் காரணமானது என்பதால், ஆட்டின் கழுத்தில் கட்டினேன். தெருவில் ஒரு மாசம் அதுவே பேச்சு. "ஒம்ம ஆடு அஞ்சு வக்தும் தொழுதா, இல்ல ஜும்மா மட்டுந்தானாவே?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

என் மனைவி முதல் இரண்டு நாள் பீங்கான் தண்ணீரை எழுந்து நின்று, தலையை மூடி, பயபக்தியோடு குடித்தாள். மூன்றாம் நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சொன்னது யாரு?"

"எத?"

"அந்தச் சொல்ல. ரெண்டு தடவையும்."

நான் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொன்ன வாய் காஞ்சு கெடக்கு. கேட்ட வாய் குடிக்கி. சரி, அல்லாஹ்வோட வசனம், வீணாக்கக் கூடாது" என்று குடித்துவிட்டுப் போனாள். ஏழையும் அவளே குடித்தாள். எனக்கு ஒரு மடக்கு வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை, வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் கோபம் போகவில்லை. ஆலிம்சாவிடம் போய், ஷைத்தான் என்னை விடமாட்டேன் என்கிறானே என்று புலம்பினேன். அவர் குர்ஆனிலிருந்து ஓர் இடத்தை ஓதி அர்த்தம் சொன்னார். கியாமத் நாளில் தீர்ப்பெல்லாம் முடிந்த பிறகு ஷைத்தானே எழுந்து தன்னைப் பின்பற்றினவர்களைப் பார்த்துப் பேசுவானாம். உங்கள் மேல் எனக்கு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை, நான் கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள், என்னைக் குறை சொல்லாதீர்கள், உங்களையே சொல்லிக்கொள்ளுங்கள் என்பானாம்.

இது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. இத்தனை நாள் நான் நம்பியிருந்த ஒரே சாட்சி அவன். அவனும் அன்றைக்குக் கைகழுவிவிடுவான் என்றால் நான் யாரைக் காட்டுவேன்?

"அப்பொ நான் என்ன செய்ய, ஆலிம்சா?"

"கோவம் வந்தா, 'சைத்தான விட்டு அல்லாஹ்ட்ட பாதுகாவல் தேடுதேன்'னு அவூது ஓதுங்க. ஒளுச் செய்யுங்க. வாயத் தொறக்காதிய. நின்னுக்கிட்டிருந்தா உக்காந்துருங்க. உக்காந்தும் போகலன்னா படுத்துருங்க. நாயகம் காட்டித் தந்த வழி, காக்கா. தாயத்தும் வேண்டாம், பாபநாசம் ரோட்டுக்குப் போகவும் வேண்டாம்."

இது என்னால் முடிகிற காரியமாகத் தெரிந்தது. அன்று முதல் உட்கார ஆரம்பித்தேன். அடுப்படியில் உட்கார்ந்தேன், கிணற்றடியில் உட்கார்ந்தேன். பாளையங்கோட்டையில் நூல்கடை அண்ணாச்சி, நான் கேட்ட நூலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோது கடை நடுவில் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய், "என்னவே பாய், கிறுகிறுன்னு வருதா? ஏலே, மோர் கொண்டாங்கலே!" என்று சத்தம் போட்டார். மோர் குடித்தேன். கோபம் போய்விட்டது. அண்ணாச்சிக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

வீட்டில் மட்டும் அது வேறு மாதிரி ஆயிற்று. நான் உட்கார்ந்தால் கோபமாக இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். கொஞ்ச நாளில், குழம்பில் உப்புக் கூடினால் தட்டை வைத்துவிட்டு, நாலு அடி தள்ளிப் போய், பெருமூச்சு விட்டு, அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். எங்கள் ஐந்து வயது மகள், "உம்மா, வாப்பா உக்காந்துட்டாக" என்று ஓடிப்போய்ச் சொல்லும். அடுப்படியில் சத்தம் அடங்கிவிடும். நாயகத்தின் வழியைப் பின்பற்றி நான் வீட்டையே மிரட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை என்பதால் நல்லவனாகவும் இருந்தேன்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை. எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். தெரு நீளத்துக்கு மூங்கில் கவைகளில் நூலைக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, பெரிய தூரிகையால் ஒரே கதியில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு பக்கத்து ஆள் நின்றுவிட்டால் கஞ்சி காய்ந்து நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எனக்கு எதிர்ப்பக்கம் தூரிகை பிடித்தவர் என் மனைவியின் அண்ணன். உதவிக்கென்று பேட்டையிலிருந்து முதல்நாளே வந்திருந்தார். அவள் கஞ்சிப் பானையோடு வாசலில் நின்றாள்.

பாதிப் பாவு போயிருக்கும். அவர் தூரிகையை நிறுத்தாமல் சொன்னார்: "மச்சான், மத்தியானம் லுஹருக்கு முன்னால வாப்பா வண்டியோட வருவாக. தங்கச்சியயும் பிள்ளயயும் கூட்டிட்டுப் போறோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒங்க வாயில இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அது விழுறதுக்கு முன்னால அவ எங்கன இருக்கணுமோ அங்கன இருக்கட்டும்."

"யாரக் கேட்டு?"

"எங்களக் கேக்காதிய. அவதான் நாலு நாளைக்கு முன்ன ஆளு சொல்லி விட்டா. 'என்னய வந்து கூட்டிட்டுப் போங்க, எனக்குப் பயமா இருக்கு'ன்னு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக என்னோடு சாப்பிட்டு, என்னோடு பேசி, மனதுக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். போகிறவள் ஒரேயடியாகப் போகட்டும் என்று ஒன்று எனக்குள் சொன்னது. அந்தச் சொல் தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்துவிட்டது. அதன் முதல் எழுத்துக்கு நாக்கு மேலே ஒட்டியும்விட்டது.

உட்கார்ந்தேன். தூரிகை கையிலிருந்து விழுந்தது.

"மச்சான், கஞ்சி காயுது! எந்திரிங்க!"

போகவில்லை. உட்கார்ந்த பிறகும் அந்தச் சொல் நாக்கிலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். தெரு நடுவில், பாவுக்கு அடியில், சிந்திய கஞ்சிச் சேற்றில். மேலே இழைகளிலிருந்து முகத்தில் சொட்டியது. எதிர்வீட்டுக்காரர், "என்னவே, ஆளு விழுந்துட்டானா?" என்று ஓடி வந்தார். "விழல, படுத்திருக்காரு" என்றார் மச்சான். "படுக்கிற எடமா இது? பாவு போச்சே, எந்திலே!" என்று தெருவே கூடிச் சத்தம் போட்டது. நான் மனதுக்குள் அவூது ஓதிக்கொண்டு கிடந்தேன்.

பிறகு என் தூரிகையை ஒரு கை எடுப்பதைப் பார்த்தேன். பெண்கள் தெருவில் இறங்கிப் பாவு தேய்ப்பது எங்களிடம் வழக்கமில்லை. அவள் முந்தானையை இழுத்து மூடிச் செருகிக்கொண்டு, அண்ணனுக்கு எதிரே நின்று தேய்க்க ஆரம்பித்தாள். அவள் பாதம் என் தலைமாட்டைத் தாண்டிப் போனது. தப்பாகத் தேய்த்தாள். தூரிகையை ஒரேயடியாக அழுத்தினாள், இழை அறுந்தது. "பைய, பைய" என்று கத்த வாய் வந்தது. அதற்கும் சேர்த்து ஓதினேன்.

ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். யாருக்கும் கேட்காமல் குனிந்து கேட்டாள்.

"போயிட்டானா?"

"யாரு?"

"உங்க ஆளு."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல. இங்கனதான் இருக்கான்" என்றேன்.

"அப்பொ கெடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள்.

கிடந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை மாதமாக நான் ஷைத்தானிடமிருந்து பாதுகாவல் தேடிக்கொண்டிருந்தேன். அதே வீட்டில், அதே மாதங்களில், அவள் என்னிடமிருந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பீங்கான், தாயத்து, ஆலிம்சா. அவளுக்கு அவள் வாப்பாவின் வண்டி ஒன்றுதான். பயமா இருக்கு என்று அவள் சொன்னது இபுலீசைப் பற்றி இல்லை.

அது எப்போது நாக்கை விட்டு இறங்கியது என்று தெரியவில்லை. எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாவில் பாதி கட்டையாக ஒட்டிக் கிடந்தது.

மாமனார் வண்டியை விட்டு இறங்கியபோது என் தாடியில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவரும் நெசவுக்காரர். முதலில் பாவைப் பார்த்தார், பிறகுதான் ஆட்களைப் பார்த்தார்.

"யாரு செஞ்ச வேல இது?"

"அவுக படுத்துட்டாக, வாப்பா" என்றாள்.

"எதுக்கு?"

"அதச் சொல்லாம இருக்கதுக்கு" என்றாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்பிள, நெசமாவா?"

"வந்துட்டு மாமா. நாக்கு வரைக்கும் வந்துட்டு" என்றேன். அந்தத் தடவை வேறு யார் பேரையும் சொல்லவில்லை.

அவர் பாவில் ஓர் இழையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். ஒட்டிக் கிடந்த நூலில் தெளித்து, குனிந்து, இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். மச்சானும் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். தொழுகைக்கு எழுந்த நேரம் போக அஸர் வரை நாலு பேரும் பிரித்தோம். முக்கால்வாசிதான் தேறியது.

கிளம்பும்போது மகளைப் பார்த்து, "ஏறு" என்றார்.

"இன்னைக்குச் சொல்லலையே, வாப்பா" என்றாள் அவள். "நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"நாளைக்கு நான் பேட்டையில இருப்பேன். நீ யாரக் கூப்பிடுவ?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வண்டி வரும், மாப்பிள. ஏறுறதும் ஏறாததும் அவ இஷ்டம். நீரு தடுக்கக் கூடாது, ஏன் வந்துதுன்னு வண்டிக்காரன்ட்ட கேக்கவும் கூடாது."

சொன்னபடி வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல், ஜும்மா தொழுதுவிட்டு நான் தெருவுக்குள் திரும்பும்போது அந்த வண்டி எங்கள் வாசலில் நிற்கும். வாரம் முழுக்க வராத பயம் அந்த மூலையில் வரும். அவூது ஓதிக்கொண்டுதான் நடப்பேன். அதற்கு முன்பும் பின்பும் அத்தனை மனப்பூர்வமாக நான் ஓதியதில்லை. அவள் வண்டிக்காரனுக்குச் சோறு போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அன்றைய வாரத்தை யோசிப்பவள் போல வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு உள்ளே வந்துவிடுவாள். ஒரு வாரம் மட்டும் மகளின் துணிமணியை மூட்டையாகக் கட்டி வாசல் வரை கொண்டுவந்துவிட்டாள். அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கும் தெரியும். நான் தெருவிலேயே நின்றேன். அஸர் பாங்கு வரை அவள் வாசலில் நின்றுவிட்டு மூட்டையை அவிழ்த்தாள்.

வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த வாரமும் வெறும் வண்டிதான், பாய்."